கடைசலும் ஆடிக் காற்றும்

நாம் நாலு பேர் கூடினால் மூட்டு வலி, கண் ஆபரேஷன், மருமகள் போடும் காப்பி, இதைத் தவிர வேறு பேச்சே கிடையாது. எனக்கு அலுத்துவிட்டது. இன்றைக்கு ஒரு பழைய இரும்பைப் பற்றிச் சொல்லப்போகிறேன். கேட்க இஷ்டமில்லாதவர்கள் அந்தப் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொள்ளலாம், நான் கோபித்துக்கொள்ள மாட்டேன். கோபித்துக்கொள்வேன், வெளியே காட்டிக்கொள்ள மாட்டேன்.

மன்னர் முடிசூட்டுக்குப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கெல்லாம் மிட்டாய் கொடுத்தார்களே, ஞாபகம் இருக்கிறதா? அதற்கு அடுத்த வருஷம். எனக்கு ஒன்பது வயது. அப்பா பாளையங்கோட்டையில் மிஷன் பள்ளிக்கூடத்து வாத்தியார். காம்பவுண்டுக்குள்ளேயே எங்கள் வீடு. பங்குனி வெயிலில் ஒரு மாட்டுவண்டி வந்து நின்றது. அதிலிருந்து என் மாமா ஒரு தகரப் பெட்டியோடு இறங்கினார். அம்மாவின் ஒரே தம்பி. தூத்துக்குடியில் ஒரு பட்டறையில் வேலை பார்த்தவர். காய்ச்சலில் மூன்று மாதம் படுத்ததில் வேலை போய்விட்டது. கன்னம் ஒட்டி, கண் மட்டும் பெரிதாக இருந்தது. அம்மா அவரைப் பார்த்த மாத்திரத்தில் அழுதுவிட்டு, அடுத்த நிமிஷமே கோழி பிடிக்கப் போனாள்.

தேறியதும் மாமா எங்கே போவது என்பதுதான் வீட்டில் பேச்சு. அப்பாவின் சொந்தக்காரர் ஒருவர் கொழும்பிலிருந்து, தேயிலை ஆலையில் வேலை இருக்கிறது, ஆவணிக்குள் வந்து சேரட்டும் என்று எழுதியிருந்தார். அப்பா அந்தக் காகிதத்தை வேதப் புத்தகத்துக்குள் வைத்துக்கொண்டு வாரத்துக்கு இரண்டு தரம் எடுத்து வாசிப்பார். வாசிக்கும் போதெல்லாம் அம்மா அடுக்களையில் பாத்திரத்தை உருட்டுவாள். அக்கரைக்குப் போனவர்கள் திரும்பி வந்ததை அவள் பார்த்ததில்லை. நானும் மாமா போகக் கூடாது என்று தினமும் ஜெபம் செய்தேன். சும்மா இல்லை, முழங்காலில் நின்று செய்தேன்.

காம்பவுண்டின் தெற்கு மூலையில் ஒரு பழைய கிடங்கு உண்டு. பருத்திக்கொட்டைச் சாக்கு, கால் உடைந்த பெஞ்சு, வௌவால் புழுக்கை. அதற்குள் இடுப்பு உயரத்தில், ஒரு ஆள் நீளத்துக்கு, துருப்பிடித்த இரும்பு ஒன்று நின்றது. அதுதான் ஆதி மிஷனெரிமார் வேதத்தை அச்சடித்த இயந்திரம் என்பது எங்கள் உபதேசியாரின் சாதிப்பு. சபைக்கு உபதேசம் பண்ணுகிறவர், அவர் சொன்னால் யார் மறுப்பது? கிராமத்திலிருந்து ஜனங்கள் வந்தால் கிடங்கைத் திறந்து காட்டுவார். கிழவிகள் அந்தத் துருவைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வார்கள். அந்த மரியாதையால்தான் அதை யாரும் பழைய இரும்புக்காரனுக்குப் போடாமல் வைத்திருந்தார்கள்.

மாமாவுக்கும் அதைக் காட்டினார். மாமா அதைச் சுற்றி வந்தார். குனிந்து, விரல் நகத்தால் ஒரு இடத்தில் சுரண்டினார். திரும்பவும் சுற்றி வந்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார், பாருங்கள், காய்ச்சலுக்குப் பிறகு அவர் சிரித்து அன்றைக்குத்தான் பார்த்தேன்.

"ஐயா, இது அச்சு மிஷின் இல்ல. லேத்து. இரும்பு கடையுத கடைசல்."

"ஏலே, நீ பொறக்கதுக்கு முந்தியே நான் இந்தக் கிடங்குக்குச் சாவி வச்சிருக்கேன். எனக்கா சொல்லுத?"

"அப்படின்னா எழுத்து எங்கன கோக்கணும், காயிதம் எங்கன வைக்கணும், காட்டுங்க பாப்போம்."

உபதேசியார் குனிந்து முன்னால் பார்த்தார், பின்னால் பார்த்தார். "துரு மூடிட்டு வே," என்றார். அதற்குப் பிறகு ஒரு வாரம் எங்கள் வீட்டுப் பக்கம் வரவில்லை.

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. மாமா என் அம்பாசமுத்திரத்துச் சொப்புச் சாமானில் இருந்து ஒரு குட்டிக் குடத்தை எடுத்துவரச் சொன்னார். "இத எப்படிச் செஞ்சான்? மரத்தச் சுத்தவிட்டு உளியக் காட்டினான், உருண்டு வந்திட்டு. இதுவும் அதே வேலதான் பிள்ள. மரத்துக்குப் பதிலா இரும்பு, பித்தள." அந்தத் துருக்குவியல் இரும்பிலே சொப்புச் செய்யுமென்றால்! அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கமே வரவில்லை.

மாமா நேரே மிஷனை நடத்திய வெள்ளைக்காரத் துரையிடம் போனார். துரை நல்லவர்தான். தமிழைப் புத்தகத்தில் படித்தவர், பேசினால் பிரசங்கம் கேட்பதுபோலவே இருக்கும். "நீர் இதை ஓடப்பண்ணுவீரானால், நம்முடைய பையன்களுக்கு இரும்பு வேலை கற்பிக்கிற வகுப்பைத் திறந்து, உம்மையே அதற்கு உபாத்தியாயராக வைப்போம். ஸ்தோத்திரப் பண்டிகைக்கு முன்னே நான் வந்து பார்ப்பேன். ஓடாதேபோனால் அது பழைய இரும்பு," என்றாராம். மாமா வந்து சொன்னதும் அம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டு அழுதாள். ஓடினால் தம்பி இங்கேயே இருப்பான். ஓடாவிட்டால் கொழும்பு.

அந்தப் பண்டிகை உங்களுக்குத் தெரியும். அவரவர் உழைப்பின் முதல் பலனைக் கோயிலுக்குக் கொண்டுபோவது. பனங்கருப்பட்டி, சேவல், நெற்கதிர், தென்னம்பிள்ளை. கடைசலில் முதலில் கடையப்போவது கோயிலுக்கு ஒரு பித்தளை மெழுகுத்திரிக் கால்தான் என்று மாமா பொருத்தனை பண்ணிக்கொண்டார்.

பிறகு மூன்று மாதம். அந்த மூன்று மாதத்தைத்தான் நான் இன்னமும் தேடிக்கொண்டிருக்கிறேன்.

பள்ளிக்கூடம் விட்டதும் பையை வீசிவிட்டுக் கிடங்குக்கு ஓடுவேன். சீமெண்ணெய் வாடை வாசலிலேயே வரவேற்கும். ஒவ்வொரு திருகாணியும் இறுகிப்போயிருந்தது. எண்ணெய் ஊற்றி, இரண்டு நாள் ஊறவிட்டு, சூடு காட்டி, பைய, பைய, பல்லைக் கடித்துக்கொண்டு மாமா திருகுவார். க்ரீச்சென்று ஒன்று விட்டுக்கொடுத்தால், "ஆ, வந்தியா மவனே!" என்பார். கழற்றியதையெல்லாம் பாயில் வரிசையாகப் பரப்பி வைப்பார். மிதிபலகை மண்ணாய்ப் போயிருந்ததால் பனஞ்சட்டத்தில் புதிதாகச் செய்தார். சக்கரத்துக்குத் தோல்வார் தைத்து வாங்கினார். வேலை ஓடும்போது ஞானப்பாட்டு மெட்டில் சீட்டியடிப்பார். ஞானப்பாட்டைச் சீட்டியில் அடிக்கலாமா என்று உபதேசியார் முறைப்பார். அவர் இப்போது தினமும் வர ஆரம்பித்திருந்தார். "ஆனாலும் இதுல ஏதாவது ஒரு எழுத்தாவது அச்சடிச்சிருப்பாவ வே," என்று மெதுவாகக் கேட்டுப் பார்ப்பார்.

வைகாசிக் கடைசியில் மாமாவின் முகம் தொங்கிப்போயிற்று. கடைய வேண்டிய பொருளைப் பிடித்துச் சுழற்றுகிற ஒரு வட்டு, தாம்பாளம் அகலத்தில் இருக்கவேண்டியது, அதைக் காணோம். கிடங்கைத் தலைகீழாகப் புரட்டியாயிற்று. "எல்லா உறுப்புலயும் நாலு, ஒண்ணு, ஏழுன்னு வெட்டியிருக்கான். ஒரே மிஷினோட சாமான்னு அடையாளம். அந்த வட்டுலயும் வெட்டியிருப்பான். எவன் எடுத்து எதுக்கு மூடியாப் போட்டிருக்கானோ," என்றார்.

நாலு, ஒன்று, ஏழு. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. ஏனென்றால் அந்த வருஷம் எங்கள் பெண்கள் பள்ளிக்கூடத்தில் மணியடிக்கிற பொறுப்பு என்னுடையது. வேப்பமரத்துக் கிளையில் கம்பியால் கட்டித் தொங்கவிட்ட ஒரு இரும்பு வட்டு. அதில் ஒரு ஓரத்தில் அந்த மூன்று எண்ணும் என் மூக்குக்கு நேராகவே இருக்கும். நான்தான் தினமும் அதன் முகத்தில் அடித்துக்கொண்டிருந்தேன்!

மாமாவின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடினேன். அவர் வட்டைத் தடவிப் பார்த்தார். என்னைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு காம்பவுண்டு முழுக்கச் சுற்றினார். "மருமவ கண்டுபிடிச்சிட்டா! நான் தேடாத எடமில்ல, எம் மருமவ கண்டுபிடிச்சிட்டா!" ஒன்பது வயதுப் பெண்ணைத் தோளில் வைக்கிறானே என்று அம்மா வாசலில் நின்று சத்தம் போட்டாள், சிரித்துக்கொண்டே.

பள்ளிக்கூடத்துக்கு அதற்குப் பதில் ரயில் தண்டவாளத் துண்டு ஒன்றைத் தொங்கவிட்டார்கள். தகரக் குரல். பழைய வட்டு கொஞ்சம் கரகரத்த குரலில், சளி பிடித்த பெரியவர் கூப்பிடுகிற மாதிரி ஒலிக்கும். அந்தச் சத்தத்துக்கு நான் ஏங்கவே இல்லை அப்போது. மாமாவின் கடைசலில் என் பங்கும் இருக்கிறது என்ற கர்வம்தான். இப்போது ஏங்குகிறேன்.

ஆடி பிறந்தது. பாளையங்கோட்டை ஆடிக் காற்றைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. சோற்றில் மண், கண்ணில் மண், காயப்போட்ட துணி அடுத்த வீட்டில். துரை திங்கட்கிழமை காலையில் வருவதாகச் சொல்லி அனுப்பினார். சனிக்கிழமை சாயங்காலம் மாமா எல்லாவற்றையும் பூட்டி, எண்ணெய் விட்டு, ஒரு தரம் மிதித்துப் பார்த்தார். சத்தமே இல்லை. தண்டு சுழல்வது கண்ணுக்குத் தெரியவில்லை, அத்தனை சீராக. பித்தளைக் கட்டியை இரண்டு முனைக்கும் நடுவே பொருத்திவைத்தார். மேலே ஒரு கோணியைப் போட்டு நன்றாக மூடி, "பிள்ள, பூட்டிச் சாவிய அம்மாட்ட குடுத்திரு," என்று சொல்லிவிட்டு ஆற்றுக்குக் குளிக்கப் போனார். மூன்று மாத அழுக்கைத் தாமிரபரணியில் விட்டுவிட்டு வரவேண்டுமே.

மறுநாள் ஞாயிறு. ஓய்வுநாளில் எங்கள் காம்பவுண்டில் கிடங்கைத் திறப்பதென்ன, கத்தரிக்கோலைக்கூடத் தொடமாட்டோம்.

இங்கேதான் நான் வருகிறேன். சனிக்கிழமை என்றால் வீட்டில் பித்தளை தேய்க்கிற நாள். குடம், செம்பு, தவலை, விளக்கு எல்லாவற்றையும் கிணற்றடியில் பரப்பி, புளியும் செங்கல்பொடியும் போட்டு, தேங்காய் நாரால் அம்மாவும் நானும் தேய்ப்போம். அன்றைக்குப் பண்டிகை வாரமாதலால் கோயில் பாத்திரங்களும் வந்திருந்தன. எல்லாம் சாயங்கால வெயிலில் தகதகவென்று மின்னின. நான் பூட்டப் போன இடத்தில் கோணியை லேசாகத் தூக்கிப் பார்த்தேன். என் கடைசல் எண்ணெய்ப் பிசுக்கும் கறுப்புமாக நின்றது. தண்டு உட்கார்ந்திருக்கிற இரண்டு பித்தளை வளையங்களும் கன்றிப்போய் இருந்தன. துரை வருகிறார், கோயிலுக்குப் பொருள் செய்யப்போகிறது, இந்தக் கோலத்திலா?

சிரட்டையில் செங்கல்பொடியை அள்ளிக்கொண்டு ஓடினேன். புளி, நார், ஒரு செம்புத் தண்ணீர். மூச்சுப் பிடித்துக்கொண்டு தேய்த்தேன். வளையங்களைத் தேய்த்தேன். தண்டின் கழுத்தைத் தேய்த்தேன். எண்ணெய் விடுகிற துளையைச் சுற்றி விரலை விட்டுத் தேய்த்தேன். தண்ணீரை ஊற்றி, பாவாடையால் துடைத்தேன். அடேயப்பா! பொன்னாக மின்னியது. மறுபடி கோணியால் மூடி, பூட்டி, சாவியை அம்மாவிடம் கொடுத்தேன். யாரிடமும் சொல்லவில்லை. திங்கட்கிழமை எல்லாரும் அசந்துபோக வேண்டும் என்று இரண்டு நாள் வாயைக் கட்டிக்கொண்டிருந்தேன். என்னைத் தெரிந்த உங்களுக்குத் தெரியும், அது எனக்கு எவ்வளவு பெரிய தவம் என்று.

திங்கட்கிழமை துரை, அப்பா, உபதேசியார், அம்மா, நான். மாமா சலவை வேட்டி கட்டியிருந்தார். கோணியை உருவினார். உருவிய கை அப்படியே நின்றது.

"சபாஷ்! பொன்னைப்போல் விளங்குகிறதே," என்றார் துரை.

மாமா குனிந்து வளையத்தின் ஓரத்தை விரலால் தொட்டார். விரலைப் பார்த்தார். பிறகு நிமிர்ந்து ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டு வந்தவர், என்னிடம் வந்ததும் நின்றார். நான் சிரித்துக்கொண்டு நின்றேன். எவ்வளவு பெரிய சிரிப்பு! கன்னம் வலித்தது எனக்கு ஞாபகம் இருக்கிறது.

"ஐயா, ஒரு நாள் பொறுத்துக்கிட்டியள்னா, ஒருதரம் கழத்தித் துடைச்சிட்டு…" என்றார் மாமா.

"இன்னும் என்ன மாப்ள துடைக்க? கண்ணாடி மாதிரில்லா இருக்கு," என்றார் அப்பா.

துரை கடிகாரத்தை எடுத்தார். "நான் பத்து மணி வண்டியைப் பிடிக்கவேண்டும். துடைக்கவேண்டியதற்குக் காரணம் உண்டோ?"

மாமா வாயைத் திறந்தார். மறுபடி என்னைப் பார்த்தார். "ஒண்ணுமில்லய்யா," என்று சொல்லிவிட்டு, எண்ணெய்க் குப்பியை எடுத்துத் துளைகளில் வழிய வழிய ஊற்றினார். பைய மிதித்தார்.

சுழன்றது. உளியைக் காட்டினார். பித்தளை சுருள் சுருளாக, மஞ்சள் மல்லிகைச் சரம் மாதிரி கழன்று விழுந்தது. உபதேசியார், "ஸ்தோத்திரம்!" என்று கத்திவிட்டார். அம்மா என் தோளை இறுக்கினாள். கட்டியின் ஒரு பக்கம் உருண்டு, கழுத்து எடுத்து, திரிக் காலின் அழகு வரத் தொடங்கியது. அப்போது ஒரு முனகல் கேட்டது. பிறகு பல்லைக் கூசவைக்கிற அலறல். தண்டு கடித்துக்கொண்டு நின்றுவிட்டது. தோல்வார் பட்டென்று கழன்று மாமாவின் முழங்காலில் அடித்தது.

அங்கேயே கழற்றிக் காட்டச் சொன்னார்கள். வளையங்களில் கீறல், தண்டின் கழுத்தில் ஆழமான கீறல். மாமா துடைத்த துணியில் செக்கச்செவேலென்று பட்டது. "என்ன இது?" என்றார் துரை.

"ஆடிக் காத்துல மண்ணு விழுந்திருக்குய்யா," என்றார் மாமா.

"ஒரு சாக்கைப் போட்டு மூடத் தெரியாதவரிடத்தில் நான் பிள்ளைகளை எப்படி ஒப்புவிப்பேன்?"

மாமா தலையைக் குனிந்துகொண்டு, "எந் தப்புத்தான்," என்றார். கீறலைச் சரிபண்ண அந்தத் தண்டை இன்னொரு கடைசலில் வைத்துக் கடைய வேண்டுமாம். அவரை வெளியே அனுப்பிய தூத்துக்குடிப் பட்டறையை விட்டால் இன்னொரு கடைசலுக்கு அந்தச் சீமையில் எங்கே போக? துரை வண்டிக்குப் புறப்பட்டுவிட்டார். "மூணு மாசம் பாடுபட்டவனுக்கு மூடிவைக்கப் புத்தியில்ல பாரு," என்று அப்பா அன்றைக்கெல்லாம் சொல்லிக்கொண்டே இருந்தார்.

ஆடி முடிவதற்குள் பழைய இரும்புக்காரனின் மாட்டுவண்டி வந்து கடைசலை ஏற்றிக்கொண்டு போயிற்று. என் பள்ளிக்கூடத்து வட்டும் அதோடு போயிற்று. உபதேசியார் வண்டிக்குப் பின்னால் வாசல்வரை நடந்தார், பிரேதத்தோடு போகிற மாதிரி. ஆவணியில் மாமா கொழும்புக்குப் புறப்பட்டார். திருநெல்வேலி ஸ்டேஷனில் அம்மா தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நான் கத்தி அழுதேன். மாமா ஜன்னல் வழியாக என் மூக்கைத் துடைத்துவிட்டு, "ஏட்டி, வெளக்கு தேய்ச்சா செங்கப்பொடிய நல்லா அலசி விடணும் என்னா, இடுக்குல போயி நிக்கும்," என்றார். ஊரை விட்டுப் போகிற நேரத்தில் பாத்திரம் தேய்க்கிறதைப் பற்றிப் பேசுகிறாரே என்று எனக்குக் கோபம் வந்தது. வண்டி நகர்ந்துவிட்டது.

அதற்குப் பிறகு எத்தனையோ வருஷம், ஆடிக் காற்று வீசினால் அம்மா ஜன்னலை ஓங்கி அடைப்பாள். "பாழாப்போன காத்து, எந் தம்பியக் கொண்டு போயிட்டு," என்பாள். நானும் கூடச் சேர்ந்து திட்டுவேன். அம்மா காற்றைத் திட்டிக்கொண்டே கண்ணை மூடினாள்.

எனக்குக் கல்யாணமாகி, நானும் டீச்சராகி, நாற்பதைத் தொட்ட பிறகு ஒரு நாள் என் தையல் மிஷின் நின்றுவிட்டது. ரிப்பேர்காரர் வந்து கழற்றினார். விரலை நீட்டிக் காட்டினார். சிவப்பாக இருந்தது.

"டீச்சரம்மா, இத யாரு செங்கப்பொடி போட்டுத் தேய்ச்சது? எண்ணெயோட சேந்து உள்ள போயி அரத்த போட்ட மாதிரி ராவிருக்கு. மிஷினுக்கு இதவிட வெசம் கெடையாது."

வீட்டு வேலைக்கு நின்ற சின்னப் பெண் கதவோரத்தில் வெளிறிப்போய் நின்றாள். பண்டிகைக்காகப் பளிச்சென்று இருக்கட்டும் என்று தேய்த்திருக்கிறாள். கட்டிலில் உட்கார்ந்தேன். கோணியை உருவிய கையும், விரலைப் பார்த்த பார்வையும், என்னிடம் வந்து நின்ற கண்ணும், ஸ்டேஷன் பேச்சும் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. காற்றாவது, மண்ணாவது!

"நான்தான் தேய்ச்சேன்," என்றேன் ரிப்பேர்காரரிடம். அவர் என்னைப் பார்த்த பார்வை, வேண்டாம் போங்கள். டீச்சர் வேறு.

அன்றைக்கே மாமாவுக்கு எழுதினேன். கல்யாணம்கூடப் பண்ணிக்கொள்ளாமல் மலைநாட்டில் ஏதோ ஒரு தேயிலை ஆலையில் இருந்தார். நாலு பக்கம் எழுதினேன். மன்னித்துக்கொள்ளுங்கள் மாமா, திரும்பி வந்துவிடுங்கள், அம்மாவும் இல்லை, நான் இருக்கிறேன், வந்துவிடுங்கள் என்று திரும்பத் திரும்ப அதையே எழுதினேன். ஒரு மாதம் கழித்து ஒரு கார்டு வந்தது. மாமா வரவில்லை, அதற்குப் பிறகும் வரவில்லை. அந்தக் கார்டு இன்றைக்கும் என் வேதப் புத்தகத்துக்குள் இருக்கிறது. வேண்டுமானால் எடுத்துக் காட்டுகிறேன். இவ்வளவுதான் எழுதியிருந்தார்:

"மருமகளுக்கு, நீ எழுதினது கிடைத்தது. அதை எல்லாம் இன்னுமா நினைத்துக்கொண்டிருக்கிறாய்? இங்கே வந்து எத்தனையோ மிஷின் பார்த்துவிட்டேன், சீமையிலிருந்து புதிதாக வந்து இறங்கியதையும் பார்த்தேன். அன்றைக்குக் கோணியைத் தூக்கினேனே, அந்தப் பளபளப்பு ஒன்றிலும் இல்லை."